முகச் சவரத்திற்கு மலிவான சோப்பும் கிரீமும் தேர்ந்தெடுத்தல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டிறங்கிச் சில அடிகள் நடந்தால் சாலைக் கம்போளம் தொடங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாசன் காலத்தில் உருப்பெற்ற அங்காடித் தெரு அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெருவும் ஆகும். அங்குள்ள பலசரக்குக் கடையொன்றில் சவரத்திற்கு ஒரு பொருள் வேண்டுமெனக் கேட்பவர் முன் மூன்று வகைகள் வைக்கப்படும். ஒன்று, வட்டமாகவோ குச்சியாகவோ வார்த்த கெட்டிச் சோப்பு. மற்றொன்று, குழாயில் அடைத்த கிரீம். மூன்றாவது, அழுத்தினால் நுரையாகவே வெளிவரும் டப்பா. இம்மூன்றுள் எது மலிவு என்ற வினாவிற்கு விலைச் சீட்டு மட்டும் விடை கூறிவிடாது.

இது சிறு செலவுதானே, இதற்கு விஞ்ஞானம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு ஆண்டிற்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்பது அற்பமன்று. அதனினும் முக்கியமானது தோலின் நலம். வைகறையில் புறப்பட்டு ஊர் ஊராகச் செல்லும் களப் பணியாளர், கிடைத்த நீரில், கைக்கு அகப்பட்ட குளியல் சோப்பைத் தேய்த்து, அவசரமாகச் சிரைத்துக்கொள்கின்றனர். கன்னத்தில் எரிச்சலும், கழுத்தில் சிவந்த பருக்களும், சிறு கீறல்களும் உண்டாகின்றன. நோய்க் கிருமிகள் உடலினுட் புகுதற்கு அத்தகைய கீறல் ஒன்றே போதும்.

உரோமமும் நீரும்

தாடி உரோமம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. உலர்ந்த நிலையில் அது மிக விறைப்பானது. நீரில் ஊறினாலோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிப் பருத்து மெலிவடைகிறது. இதற்கு இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் ஆகும். வெந்நீராயின் விரைவில் நிகழும். ஊறிய உரோமத்தை அறுக்க வேண்டிய விசை, உலர்ந்ததை அறுக்க வேண்டிய விசையிற் பாதிக்கும் குறைவே.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. உரோமத்தை மெலிவிப்பது நீர்; சோப்பு அன்று. சோப்பின் பணி வேறு. உரோமத்தின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை அகற்றி நீருக்கு வழிவிடுதல், உறிஞ்சப்பட்ட நீர் ஆவியாகிவிடாதபடி ஈரமான போர்வையொன்றை முகத்தின்மேல் நிறுத்திவைத்தல், பிளேடு தோலின்மேல் வழுக்கிச் செல்ல உதவுதல் ஆகியவையே அது. நுரை எத்துணை உயரம் எழும்புகிறது, எத்துணை மணம் வீசுகிறது என்பவற்றுக்கும் இப்பணிக்கும் தொடர்பில்லை. நீரை நெடுநேரம் தாங்கி நிற்கும் நுரையே நல்ல நுரை. நாம் கொடுக்கும் காசு இத்தன்மைக்காகக் கொடுக்கப்பட வேண்டும்.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பு ஏன் போதாது

கேரளக் கடற்கரை சோப்புத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1914ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஒன்றை நிறுவியது. 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனி எறணாகுளத்தில் ஆலை அமைத்த இடம் டாட்டாபுரம் என்றே வழங்கலாயிற்று. தேங்காய் எண்ணெய் எளிதிற் கிடைத்தமையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. ஆகவே, இப்பகுதி மக்கள் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை எல்லாக் காரியங்களுக்கும் ஏற்றதாகக் கருதுவதில் வியப்பில்லை. சவரத்தைப் பொறுத்தவரை இக்கருத்து பாதியே சரி.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களுள் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இதன் மூலக்கூற்றில் 12 கார்பன் அணுக்களே உள்ளன. இதனால் உண்டாகும் சோப்பு குளிர்ந்த நீரிலும் சட்டெனக் கரையும். கணப்பொழுதில் ஏராளமாக நுரைக்கும். ஆயினும் அந்நுரையின் குமிழிகள் பெரியவை. அவற்றின் சுவர்களிலிருந்து நீர் விரைவாக வடிந்துவிடும். ஒரு கன்னத்தைச் சிரைத்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை உலர்ந்து போகும். மேலும் இச்சோப்பு தோலின் இயற்கை எண்ணெயை அதிகமாக அகற்றுவதால், மென்மையான தோலுடையோர்க்கு எரிச்சல் தோன்றும்.

ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள் உண்டு. தேங்காய் எண்ணெயில் இது மிகச் சிறிதளவே காணப்படும். கடைச்சரக்காக ஸ்டியரிக் அமிலம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஸ்டியரிக், பால்மிட்டிக் ஆகிய இரண்டும் கலந்ததே. இவற்றின் சோப்பு தொடக்கத்தில் மந்தமாக நுரைக்கும். ஆனால் ஒருமுறை எழும்பிய நுரை பாலாடைபோல் அடர்ந்து, பல நிமிடம் நீரை விடாது நிற்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டியரிக் அமிலத்தைக் காஸ்டிக் சோடாவுடன் மட்டும் சேர்த்தால் வரும் சோடியம் சோப்பு மிகக் கெட்டியானது, குளிர்நீரில் கரையாது. காஸ்டிக் பொட்டாஷுடன் சேர்த்தால் மென்மையான, எளிதிற் கரையும் சோப்பு கிடைக்கும். எனவே சவர சோப்பு செய்வோர் இரு காரங்களையும் கலந்து பயன்படுத்துகின்றனர். கெட்டி வட்டுக்குச் சோடா சற்று மிகுதி. கிரீமுக்குப் பொட்டாஷ் மிகுதி. நுரை விரைந்து தொடங்குவதற்காகத் தேங்காய் எண்ணெய் சிறிது சேர்க்கப்படும். ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரினும், உறுத்தலைக் குறைக்கக் காரத்துடன் சேராத உபரிக் கொழுப்பு அமிலமும் இடப்படும். மூணாறு போன்ற குளிர்ந்த மலையூர்களில் காலை வேளையில் கெட்டிச் சோப்பு நுரைக்கவில்லை என்று குறை கூறுவோர், அதனை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்களாக.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எளிதிற் காட்டலாம். குளியல் சோப்பு ஒரு கிராமும் சவர சோப்பு ஒரு கிராமும் சீவி எடுத்து, இரு கிண்ணங்களில் பத்துப் பத்து மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர் விட்டு, ஒரே வகைப் பிரஷ்ஷினால் ஒரே அளவு நேரம் அடித்து நுரையாக்குக. நுரைகளை இரு கண்ணாடிப் புனல்களில் இட்டு, கீழே அளவுக் குழாய்களை வைக்கவும். பத்து நிமிடத்தில் எதிலிருந்து எத்துணை நீர் வடிந்துள்ளது எனக் குறிக்கவும். மிகுதியாக நீர் வடித்த நுரை முகத்திலும் அவ்வாறே வடிக்கும். கடையிலிருந்து வாங்கிய எந்தச் சோப்பையும் இம்முறையால் ஒப்பிடலாம். விளம்பரத்தைவிட இச்சோதனை நம்பத்தக்கது.

சீட்டைப் படிக்கும் முறை

குளியல் சோப்புகளின் உறையில் மொத்தக் கொழுப்புப் பொருள் இத்துணை சதவிகிதம் என்று அச்சிடப்பட்டிருக்கும். இந்தியத் தர அளவின்படி முதல் தரத்திற்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்திற்கு 70, மூன்றாம் தரத்திற்கு 60. இவ்வெண் உயர்ந்திருந்தால் சவரத்திற்கும் ஏற்றது என்று பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. கொழுப்பு எவ்வளவு என்பதை அவ்வெண் கூறுமேயன்றி, எந்தக் கொழுப்பு என்பதைக் கூறாது. லாரிக் அமிலமாயினும் ஸ்டியரிக் அமிலமாயினும் கணக்கு ஒன்றே.

சவர சோப்பிலும் கிரீமிலும் பார்க்க வேண்டியது, சேர்க்கைப் பொருள்களின் வரிசை. மிகுதியாக உள்ளது முதலிலும் குறைந்தது பின்னும் எழுதப்படுவது வழக்கம். கிரீமில் நீருக்கு அடுத்தபடியாக ஸ்டியரிக் அமிலமும், அதன் அருகே பொட்டாசியம் ஹைட்ராக்சைடும், மிகவும் பின்தள்ளப்படாமல் கிளிசரினும் இருந்தால் அது முறையாகச் செய்த பொருள் எனக் கொள்ளலாம். இம்மூன்றும் உள்ள மலிவான குழாய்க்கும், இம்மூன்றும் உள்ள விலையுயர்ந்த குழாய்க்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் வாசனையும் உறையும் விளம்பரமுமே. மெந்தால் சேர்த்தவை குளிர்ச்சியாகத் தோன்றும். தோல் உண்மையில் குளிர்வதில்லை, குளிரை உணரும் நரம்புகள் தூண்டப்படுகின்றன. அவ்வுணர்ச்சியை விரும்புவோர் வாங்கலாம். எரிச்சல் உடையோர்க்கு வாசனை குறைந்ததே நன்று.

மஞ்சள் தடவிய தாளில் சோப்பு நீரை விட்டுச் சிவந்தால் அது கெட்ட சோப்பு என்று கூறும் வழக்கமொன்று உண்டு. எல்லா உண்மையான சோப்பும் காரத்தன்மை உடையதே; ஆகவே எல்லாமே மஞ்சளைச் சிவக்கச் செய்யும். உறுத்தக்கூடியது, சோப்பாக மாறாமல் எஞ்சிய காஸ்டிக் காரம். அதனை அறிய, சோப்பைத் தூய ஆல்கஹாலில் கரைத்து ஒரு சொட்டு பினால்ஃப்தலீன் விட வேண்டும். இளஞ்சிவப்பு தோன்றினால் அச்சோப்பை முகத்திற்குப் பயன்படுத்தாமை நலம்.

ஒரு சவரத்திற்கு என்ன செலவு

பொட்டலத்தின் விலையைப் பொட்டலத்தின் விலையோடு ஒப்பிடுவது பயனற்றது. பல பொட்டலங்களில் கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் முழு விடையன்று. கெட்டிச் சோப்பில் நீர் சிறிதளவே உள்ளது. கிரீமிலோ பல தயாரிப்புகளில் ஏறக்குறைய பாதி நீர். நுரை டப்பாவிற் பெரும்பகுதி நீரே. மீதியில் ஒரு பங்கு நுரையை வெளியே தள்ளும் வாயு. வீட்டுக் குழாயில் கிடைக்கும் நீரையே கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, ஒரு முறை சிரைக்க எத்துணை கிராம் செலவாகிறது என்பதே முதன்மையான வினா. அதனை அவரவரே அளந்தறிய முடியும்.

புதுச் சோப்பையோ குழாயையோ ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து நாட்குறிப்பில் எழுதிக்கொள்க. முப்பது சவரங்களுக்குப் பின் மீண்டும் நிறுக்கவும். கெட்டிச் சோப்பாயின் இரண்டு நாள் நன்கு உலரவிட்டபின் நிறுத்தல் வேண்டும். இல்லையேல் அது பிடித்துள்ள நீரும் கணக்கிற் சேர்ந்துவிடும். குறைந்த எடையை முப்பதால் வகுத்தால் ஒரு சவரத்திற்கான அளவு கிடைக்கும்.

கணக்கிடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்வெண்கள் முறையை விளக்கவே கொள்ளப்பட்டன. கடை விலைகள் அல்ல. 60 கிராம் வட்டு 60 ரூபாய். ஒரு சவரத்திற்கு 0.6 கிராம் தேய்கிறது எனின், நூறு சவரம் வரும். ஒன்றுக்கு 60 காசு. 70 கிராம் கிரீம் 80 ரூபாய். ஒரு சவரத்திற்கு 1.4 கிராம் எனின், ஐம்பது சவரம். ஒன்றுக்கு 1 ரூபாய் 60 காசு. 200 கிராம் நுரை டப்பா 220 ரூபாய். ஒரு முறைக்கு 5 கிராம் எனின், நாற்பது சவரம். ஒன்றுக்கு 5 ரூபாய் 50 காசு. ஆண்டில் முந்நூறு முறை சிரைத்துக்கொள்பவர்க்கு முறையே 180, 480, 1,650 ரூபாய் ஆகும். இவ்வெடுத்துக்காட்டில் கையில் வாங்கும்போது வட்டுக்கும் கிரீமுக்கும் வேறுபாடு 20 ரூபாய்தான். ஆண்டிறுதியில் அது 300 ரூபாயாக வளர்ந்துவிடுகிறது.

இக்கணக்கில் பொருளைவிடப் பழக்கமே வலியது என்பதும் தெரியவரும். பிரஷ்ஷின் முழு நீளத்திற்கும் கிரீமைப் பிதுக்குபவர் 3 கிராம் செலவிடுவார். பாதாம் பருப்பளவு எடுப்பவர்க்கு அதில் பாதியே போதும். அவ்வாறே, நீர் தேங்கும் கிண்ணத்தில் வட்டைக் கிடக்கவிடுபவர், முகத்தில் தடவியதைவிட அதிகமாகக் கரைத்து வீணாக்குகிறார். திருவனந்தபுரத்தில் இடவப்பாதியும் துலாமழையும் பெய்யும் மாதங்களில் எதுவும் எளிதில் உலராது. அடியில் துளையிட்ட சிரட்டையொன்றில் வட்டை வைத்துக் காற்றோட்டமான இடத்தில் மாட்டிவைத்தால் இக்குறை நீங்கும். இதற்குப் பொறுமையில்லாதவர்க்குக் கிரீமே சிக்கனமாக முடியக்கூடும். எமது கருத்தில், வீட்டிலிருந்து பணிக்குச் செல்லும் ஆசிரியர்க்கு வட்டுச் சோப்பும், பையைத் தூக்கிக்கொண்டு முகாம் செல்லும் பணியாளர்க்குச் சிறிய கிரீம் குழாயும் ஏற்றவை. நுரை டப்பாவிற்குத் தரும் விலை நேரத்திற்காகத் தரும் விலை. அதில் மிச்சமாவதும் ஒரு நிமிடத்திற்கு மேலிராது. அதனை வெயிலில் நிற்கும் வண்டியினுள் விட்டுச் செல்லுதலும் ஆகாது. உள்ளிருப்பது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு.

நீரின் குணம்

கிழக்கேகோட்டையில் நன்றாக நுரைத்த சோப்பு, திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ உறவினர் வீட்டில் நுரைக்க மறுப்பதைப் பலர் கண்டிருப்பர். போலிச் சரக்கு என்று கடைக்காரரை நோவர். குற்றம் பெரும்பாலும் நீரினுடையது. திருவனந்தபுரம் நகரம் கரமனை ஆற்று நீரை அருவிக்கரையிலிருந்து பெறுகிறது; இக்குடிநீர்த் திட்டம் 1933ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து குறுகிய தூரம் ஓடிக் கடலை அடையும் இத்தகைய ஆறுகளின் நீர் மென்னீர். கிழக்கு மாவட்டங்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரோ கால்சியம், மக்னீசியம் உப்புக்கள் மிகுந்த கடின நீர். குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிடையாவிடில் 600 வரை பொறுக்கலாமென்றும் இந்தியத் தர அளவு வகுத்துள்ளது.

கடினத்தன்மை 300 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1.8 கிராம் சோப்பைக் கரையாத சுண்ணாம்புச் சோப்பாக மாற்றிவிடும். துணி துவைப்போர்க்கு இது பேரிழப்பு. சவரத்திற்கோ நுரையினுட் செல்வது பதினைந்து இருபது மில்லிலிட்டர் நீரே. அதில் இழக்கும் சோப்பு 0.03 கிராம் அளவுதான். பின் ஏன் நுரை கெடுகிறது? அவ்வாறு உண்டாகும் சுண்ணாம்புச் சோப்பின் நுண்துகள்கள் குமிழிச் சுவர்களிற் புகுந்து அவற்றை உடைத்துவிடுகின்றன. ஆகவே சோப்பை இருமடங்கு தேய்ப்பதைவிட, நீரை மாற்றுவது மலிவான வழி. தேவைப்படுவதோ ஒரு தம்ளர் நீர்தான். மழைநீரோ, கொதிக்கவைத்துத் தெளியவிட்ட நீரோ நுரை செய்வதற்குப் போதும். முகம் கழுவ எந்த நீரும் ஆகும். கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை மட்டுமே நீங்கும். சல்பேட்டும் குளோரைடும் மிகுந்த இடங்களில் மழைநீரே வழி.

மென்னீர்ப் பகுதியிலுள்ள ஆசிரியர்கள் இதனைக் காட்ட விரும்பினால், ஒரு லிட்டர் மழைநீரில் 0.75 கிராம் பேதியுப்பைக் கரைத்தால், மேற்சொன்ன 300 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு ஈடான நீர் கிடைக்கும். இரு புட்டிகளில் 50 மில்லிலிட்டர் மழைநீரும் அதே அளவு உப்புநீரும் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் நிலைப்பதற்கு எத்தனை சொட்டு தேவையென மாணவர் எண்ணட்டும்.

பிரஷ், பிளேடு, படிகாரம்

பன்றி உரோமப் பிரஷ்ஷை நுரை செய்யுமுன் சில நிமிடம் நீரில் ஊறவைத்தல் வேண்டும். செயற்கை இழைப் பிரஷ்ஷிற்கு அது தேவையில்லை. ஈரமான இந்நாட்டில் விரைவில் உலர்வதும் அதற்கொரு சிறப்பு. முதல் உலகப் போர்க் காலத்தில், கிருமிநீக்கம் செய்யப்படாத குதிரை உரோமத்தாற் செய்த மலிவான பிரஷ்கள் வழியாகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பிறருமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் அடைப்பான் நோய்க்கு ஆளாயினர். கால்நடைப் பணியாளர் இந்நோயை நன்கறிவர். எங்கு செய்யப்பட்டது என்ற விவரமே இல்லாத உரோமப் பிரஷ்ஷை, எத்துணை மலிவாயினும், வாங்காதிருத்தல் நலம்.

உரோமம் வளரும் திசையிலேயே முதலில் சிரைக்கவும். எதிர்த்திசையில் அழுத்திச் சிரைத்தால் முனை கூராக வெட்டுண்டு, சுருண்ட உரோமம் தோலினுள்ளேயே திரும்பிப் புகுந்து பருவாகும். கழுத்தில் சிவந்த பருக்கள் உடையோர் சோப்பை மாற்றுமுன் இதனை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பிளேடு ஒருவர்க்கு உரியது, உடன்பிறந்தாராயினும் பகிர்ந்துகொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரியாத அளவு குருதி ஒட்டியிருந்தாலும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகள் பரவ இடமுண்டு. சோப்பு நுரை அவற்றை அழித்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. சவரக் கடைக்குச் செல்வோர் புதுப் பிளேடு தம் கண்முன் பிரிக்கப்படுவதைப் பார்த்த பின்னரே முகம் கொடுக்க வேண்டும். சிறு கீறலில் குருதியை நிறுத்தப் படிகாரம் சாலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஈர முகத்தில் மெல்லத் தேய்த்து, ஒரு நிமிடம் கழித்துக் கழுவிவிடலாம். ஒருவர்க்குத் தேய்த்த கட்டியை மற்றவர்க்குத் தேய்ப்பது பிளேடைப் பகிர்வதை ஒத்ததே. ஆதலின் வீட்டில் ஆளுக்கொரு துண்டாக உடைத்து வைத்துக்கொள்க.